சுமக்கிறவன் வாசிக்கும் வேதம்

(கொடைக்கானல் மலையில் நடந்த மாணவர் – இளைஞர் முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



'வேதாகமம் தரும் வாழ்க்கைப் பாடங்கள்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் சாமியாரும் இல்லை, உபதேசியாரும் இல்லை. பகலில் வங்கியில் கணக்கு எழுதுகிறவன், ராத்திரியில் கவிதை எழுதுகிறவன். அதனால பிரசங்கம் எதிர்பார்க்காதீங்க. இந்தத் தலைப்பில் சின்ன வயசிலேர்ந்து நம்ம சனங்களுக்குச் சொல்லப்பட்ட பாடம் ஒண்ணுதான்: பொறுமையா இரு, கீழ்ப்படி, மன்னி, உன் சிலுவையைச் சும. ஆனால் பாடம் சொல்கிறவர் எங்கே உட்கார்ந்து சொல்கிறார், கேட்கிறவன் எங்கே நின்று கேட்கிறான் என்கிற கேள்வி மட்டும் எழவே இல்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்றைக்கு எழுப்பப் பார்க்கிறேன்.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மலையிலிருந்தே தொடங்கலாம். 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன்காரர்கள் காய்ச்சலிலும் காலராவிலும் மடிந்தார்கள். உயிர் பிழைக்க மலை தேடி வந்து 1845இல் இங்கே இரண்டு பங்களா கட்டினார்கள். கொடைக்கானல் ஊர் அப்படித் தொடங்கியது. அதுக்காக, மலை அதுவரை காலியாகக் கிடந்தது என்று அர்த்தமில்லை. பளியர் இருந்தார்கள், புலையர் இருந்தார்கள். புலையர் பிறத்தியார் நிலத்தில் பண்ணையடிமைகளாக உழைத்ததை வெள்ளைக்காரர் காலத்து மதுரை ஜில்லாக் கையேடுகளே எழுதி வைத்திருக்கின்றன.

லாஸ் காட் சாலை திறந்தது ரொம்பப் பின்னால்தான். அதுவரை, ஏறக்குறைய எழுபது வருஷம், பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து மலைப்பாதைதான். குதிரையில் வந்தவர்கள் போக, துரைமாரும் துரைசானிமாரும் பிள்ளைகளும் டோலியிலும் நாற்காலியிலும் வந்தார்கள். நாற்காலி தானாக மலை ஏறாது. ஏழாயிரம் அடி உயரத்துக்கு அது மனுசன் தோளில்தான் ஏறியது. நான் படித்த மிஷன் வரலாறுகளில் உட்கார்ந்து வந்தவர்களுக்குப் பேர் இருக்கிறது, பிறந்த ஊர் இருக்கிறது. தூக்கி வந்தவர்களுக்குக் 'கூலிகள்' என்ற ஒரு சொல்தான் இருக்கிறது.

இப்போ கலாத்தியர் ஆறாம் அதிகாரத்தை எடுங்க. ஒருவர் சுமையை ஒருவர் தாங்குங்கள் என்கிறார் பவுல். நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கிறவருக்கு அது அன்பைப் பற்றிய இனிமையான போதனை. நாற்காலிக்கு அடியில் இருக்கிறவனுக்கு அதில் ஒரு நியாயம் கேட்கிறது. நான் உன்னைத் தூக்கினால் நீயும் என்னைத் தூக்கணும். ஒருத்தனே எப்பவும் தூக்கினால் அது அன்பு இல்லை, கூலிவேலை. தலைமுறை தலைமுறையாக அவனே தூக்கினால் அதுக்குப் பேர் சாதி. மத்தேயு இருபத்து மூன்றில் இயேசு கோபப்படுவதும் இதுக்குத்தான். பாரமான சுமைகளைக் கட்டி அடுத்தவன் தோளில் ஏற்றிவிட்டு, விரலால்கூடத் தொடாதவர்களைப் பார்த்துத்தான் கோபப்படுகிறார்.

சிலுவையைச் சுமக்கச் சொல்லவில்லையா என்று கேட்பார்கள். சொன்னார். ஆனால் சீரேனே ஊர் சீமோனைப் பாருங்க. காட்டுப்பக்கமிருந்து வந்துகொண்டிருந்த மனுசனைப் பட்டாளத்தான் பிடித்துச் சுமக்க வைத்தான். நம்ம ஊரில் அதுக்கு வெட்டி வேலை என்று பேர். சிலுவை ரோம அரசாங்கத்தின் தூக்குமரம். அநியாயத்தை எதிர்த்து நின்றால் என்ன வருமோ அதைத் தெரிந்தே ஏற்பதுதான் சிலுவை சுமப்பது. ஊர்க்காரன் திணித்த இழிவைச் சிலுவை என்று பொறுத்துக்கொள்வது அது இல்லை. மதம் மாறியவர்களின் நிலை பற்றி எழுதும்போது அண்ணல் அம்பேத்கர் இந்த இடத்தைத்தான் தொட்டார். உன் தாழ்வுக்குக் காரணம் சமூக அநீதி அல்ல, உன் பாவம்தான் என்று சொல்லிக்கொடுத்தால், கேட்கிறவனுக்குப் போராட என்ன காரணம் மிஞ்சும் என்பது அவர் கேள்வி.

மிஷன்காரர்களை மொத்தமாகத் திட்டிவிட்டுப் போக நான் வரவில்லை. நாற்காலியில் மலை ஏறிய அதே மதுரை மிஷன்தான் 1847இல் சாதியை விட்டால்தான் சபையில் இடம் என்று முடிவு செய்தது. அதுக்குச் சோதனை என்ன தெரியுமா? விசுவாசப்பிரமாணம் ஒப்பிப்பது இல்லை. எல்லாச் சாதியாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடணும், அவ்வளவுதான். மிஷனில் வேலை பார்த்தவர்கள் உள்படப் பலபேர் சபையைவிட்டு வெளியே நிற்க ஒப்பினார்கள், அந்தச் சோற்றைத் தொட ஒப்பவில்லை. பத்துக் கட்டளையும் மனப்பாடமாகத் தெரிந்தவர்கள்தான். ஒரு வாய்ச் சோற்றில் வேதம் நின்றுபோனது.

கொரிந்து சபையிலும் இதே சண்டைதான். முதல் கடிதம் பதினோராம் அதிகாரம். இருக்கிறவன் முந்திக்கொண்டு சாப்பிடுகிறான், இல்லாதவன் பசியோடு நிற்கிறான். இப்படிச் சாப்பிட்டால் அது ஆண்டவருடைய பந்தியே இல்லை என்று பவுல் முகத்துக்கு நேரே சொல்கிறார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு, நமக்குப் பறட்டை அண்ணன், 2005இல் மறைந்தார். அவர் இதையே 'ஒரு ஒலை' என்று நம்ம மொழியில் சொன்னார். எல்லாருக்கும் ஒரே உலையில் சோறு பொங்கணும், அதைப் பகிர்ந்து தின்னணும், நற்கருணை அதுதான் என்றார். கிராமத்து மெட்டுகளிலேயே வழிபாடும் அமைத்தார்.

அடுத்து மத்தேயு இருபது, திராட்சைத் தோட்டத்துக் கதை. காலையில் வந்தவனுக்கும் பொழுதுசாய ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்தவனுக்கும் ஒரே கூலி. கணக்கு எழுதுகிறவன் கண்ணுக்கு இது தப்பாகத்தான் தெரியும். ஆனால் கடைசியில் வந்தவன் சொல்லும் பதிலைப் பாருங்க. ஏன் சும்மா நிற்கிறாய் என்றால், எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறான். அவன் சோம்பேறி இல்லை, ஒதுக்கப்பட்டவன். அவன் வீட்டிலும் அன்றைக்கு அடுப்பு எரியணும். காலையில் வந்தவர்கள் முணுமுணுப்பது கூலி குறைந்ததுக்கு இல்லை, அவனை எங்களுக்குச் சமமாக்கினாயே என்றுதான். அந்த முணுமுணுப்பை நான் வேலை பார்க்கும் இடத்தில் கேட்டிருக்கிறேன். 'கோட்டா' என்று என் காதுபடச் சொல்வார்கள். ஆயிரம் வருஷமாகக் கூப்பிடப்படாதவன் சாயங்காலம் உள்ளே வந்தால், காலையிலேயே வந்தவனுக்குத் தகுதி, திறமை எல்லாம் ஞாபகம் வந்துவிடுகிறது.

வந்த பிறகும் எல்லாருக்கும் கதவு திறக்கவில்லை. 1950 ஆகஸ்ட் 10 ஜனாதிபதி ஆணை இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கதவு திறந்தது. தலித் கிறிஸ்தவரும் தலித் முஸ்லிம்களும் இன்றும் வெளியே. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தத் தடையை நீக்கச் சொன்னது. நீக்கவில்லை. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். ஞானஸ்நானத் தண்ணீர் பட்டதும் சாதி கரைந்துவிட்டது என்கிறது அரசாங்கம். கரையவில்லை என்று கல்லறைச் சுவர் சொல்கிறது. 2008இல் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். அதையொட்டி வந்த கலவரத்தில், துப்பாக்கிச் சூட்டில், இரண்டு உயிர் போனது. அடித்தவன், அடிபட்டவன் இரண்டு பேர் வீட்டுச் சுவரிலும் ஒரே மாதா படம்தான்.

யாக்கோபு ஐந்தில், கொடுக்காத கூலி கூக்குரல் போடுகிறது. அந்தக் கூக்குரலை இந்த மலையிலேயே கேட்டோம். 2001இல் மூஞ்சிக்கல் பழைய சாமான் கிடங்கில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடந்தது வெளியே தெரிந்து, இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலையை மூடினார்கள். 591 முன்னாள் தொழிலாளருக்குப் பணம் தரும் ஒப்பந்தம் ஏற்பட்டது 2016இல். நடுவில் பதினைந்து வருஷம். தொழிலாளிகள் பொறுமையாக இருந்து அதைப் பெறவில்லை. சங்கமாகச் சேர்ந்து, தெருவிலும் நீதிமன்றத்திலும் நின்று பெற்றார்கள்.

அப்ப நமக்கு நடைமுறைப் பாடம் என்ன? எந்த வசனத்தை யார் வாசித்தாலும் மூணு கேள்வி கேளுங்க. இங்கே சுமக்கிறது யார்? உட்கார்ந்திருக்கிறது யார்? கூலி யாருக்குப் போய்ச் சேருது? பிறகு உங்க ஊர்க் கோயிலைச் சுத்திப் பாருங்க. பங்குப் பேரவையில் நம்ம ஆள் எத்தனை பேர்? திருவிழாத் தேர் நம்ம தெருவுக்குள் வருதா, முனையோடு திரும்புதா? கல்லறைத் தோட்டம் ஒண்ணா, ரெண்டா? சபை நடத்தும் பள்ளியில், கல்லூரியில் நம்ம பிள்ளைகளுக்கு எத்தனை இடம், எத்தனை வேலை? எண்ணி எழுதுங்க. எழுதினதைப் பங்குச் சாமியாரிடமும் ஆயரிடமும் கூட்டமாகப் போய்க் கொடுங்க. தனியாகப் போனால் ஜெபம் பண்ணி அனுப்பிவிடுவார்கள்.

கடைசியா ஒண்ணு. நம்ம வீட்டுக்குள்ளேயும் இதே கேள்வியைக் கேட்கணும். தண்ணிக்குடம், விறகு, பிள்ளை எல்லாத்தையும் சுமக்கிற நம்ம அக்கா தங்கச்சிமார் இன்றைக்கு இந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் சுமையை ஒருவர் தாங்குவது அங்கிருந்தே தொடங்கட்டும். மத்தியானம் குழுவாகப் பிரிந்து பேசும்போது முதலில் அவங்க பேசட்டும், நாம கேட்போம்.