உணவுக்குப் பின் உயரும் சர்க்கரை
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)





சற்று முன்னர் பொருளாளர் அவர்கள் வரவு செலவுக் கணக்கை வாசித்தார்கள். ஆண்டிறுதி இருப்பைக் கேட்டு நாம் மகிழ்ந்தோம். ஆனால் இடையில் இரண்டு மாதம் சந்தா வராமல் அவர்கள் பட்ட அவதி அந்த ஒற்றை எண்ணில் தெரியாது. அத்தகைய ஒரு கணக்கைப் பற்றித்தான் நானும் பேச வந்துள்ளேன். நான் மருத்துவன் அல்லன், கிதாபு ஓதியவன். ஏழு ஆண்டுகளாக நீரிழிவுடன் வாழ்பவன் என்ற தகுதி மட்டுமே எனக்குண்டு.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸுப்ஹு தொழுகையை முடித்து, வெறும் வயிற்றில் இரத்தம் கொடுப்பேன். 105, 110 என்றே வரும். அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நண்பகலில் வலீமா சஹனைச் சுற்றி நிம்மதியாக அமர்வேன். சென்ற ஆண்டு கண் மருத்துவர் என் விழித்திரையில் சிறு கசிவுகள் இருப்பதாகக் கூறி, “உணவுக்குப் பின் எவ்வளவு இருக்கிறது?” என்று வினவினார். என்னிடம் விடை இல்லை. அன்றே சோதித்தேன், 268. காலைச் சோதனைக்கு முந்தைய இரவு மட்டும் அரை வயிறு உண்டுவிட்டு அறிக்கையை அழகாக்கிக்கொள்ளும் சகோதரர்கள் இங்கும் சிலர் உண்டு. அவர்கள் இப்போது சிரிப்பதை நான் பார்க்கிறேன்!

“மூன்று மாதச் சோதனை இருக்கிறதே” என்பீர்கள். ஹெச்பிஏ1சி எனப்படும் அந்த அளவுக்கு வழிகாட்டியவர் ஈரானிய மருத்துவர் சாமுவேல் ரஹ்பர். 1968இல், நீரிழிவு நோயாளிகளின் ஹீமோகுளோபின் மாறுபட்டிருப்பதை அவர் டெஹ்ரானில் கண்டார். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அதில் ஒட்டிய சர்க்கரை இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்கிறது. 7 சதவீதம் என்றால் சராசரி சுமார் 154 மில்லிகிராம். ஆயினும் நாள் முழுதும் 154ஐ ஒட்டியே இருப்பவருக்கும், காலையில் 100 ஆகவும் உண்டபின் 250 ஆகவும் ஏறி இறங்குபவருக்கும் அதே 7 வரலாம். எனக்கு 7.1 வந்திருந்தது. பிரான்சு நாட்டு மருத்துவர் லூயி மோனியேவும் அவர் குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், 7.3க்குக் கீழுள்ளவர்களின் பகல்நேர மிகைச் சர்க்கரையில் சுமார் 70 சதவீதம் உணவுக்குப் பிந்தைய ஏற்றத்தால் வந்தது எனக் கண்டனர். இரும்புச்சத்துக் குறைவான இரத்தசோகையில் இந்த எண் கூடிக் காட்டலாம் என்பதை நம் இல்லத்துப் பெண்கள் குறிப்பாக அறிய வேண்டும்.

உணவுக்குப் பிந்தைய ஏற்றத்தைக் காட்டிக்கொடுக்கும் மற்றொரு பொருளும் இரத்தத்தில் உண்டு. பெயர் நாவில் நுழையாது: 1,5-அன்ஹைட்ரோகுளுசிடால். உணவின் வழியே வரும் சர்க்கரை போன்ற பொருள் அது. சிறுநீரகம் அதை வீணாக்காமல் மீட்டு இரத்தத்துக்கே அனுப்பிவிடும். சர்க்கரை ஏறத்தாழ 180ஐத் தாண்டிச் சிறுநீரில் கசியும்போது, மீட்கும் வாயிலில் நெரிசல் ஏற்பட்டு இப்பொருள் வெளியேறிவிடுகிறது. ஆகவே இந்த அளவு குறைந்திருந்தால், கடந்த ஓரிரு வாரங்களில் சர்க்கரை பலமுறை உச்சத்துக்குச் சென்றிருக்கிறது என்று பொருள். மற்ற சோதனைகளில் கூடினால் அஞ்சுகிறோம். இதில் குறைந்தால் அஞ்ச வேண்டும். ஜப்பானில் 1990களின் தொடக்கம் முதல் இது பயன்பாட்டில் உள்ளது. அமெரிக்காவில் 2003இல் அனுமதி பெற்றது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் ‘குளிஃப்ளோசின்’ வகை மாத்திரை உண்போருக்கும் இது சரியாகக் காட்டாது. ஃபுரக்டோசமின் என்று ஒன்றும் உண்டு. அது இரண்டு மூன்று வாரச் சராசரி, அவ்வளவே.

இச்சோதனை எல்லா லேபுகளிலும் கிடைப்பதில்லை. ஆனால் விரல்நுனியில் ஒரு துளி எடுக்கும் கருவி நம்மில் பலர் வீட்டில் உறங்குகிறது. முதல் கவளம் உண்ட நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கணக்கிடுங்கள். கை கழுவிய நேரத்திலிருந்து அன்று. பெரும்பாலோருக்கு 180க்குள் இருக்க வேண்டும் என்பதே மருத்துவர்கள் வைக்கும் இலக்கு.

ரமளானில் இதை விட்டுவிடாதீர்கள். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது. 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்கின்றனர் மருத்துவர்கள். அதற்கான சலுகை மார்க்கத்தில் உண்டு. பேரீச்சம்பழம், கஞ்சி, வடை, சமோசா, சர்பத் யாவும் கால் மணி நேரத்தில் வயிற்றுக்குள் சென்றுவிடும் இஃப்தாருக்குப் பின், இரண்டு மணி நேரக் கணக்குத் தராவீஹ் வேளையில் வந்து விழுகிறது. ஆகவே இவ்வருடம் கருவியை வீட்டில் வைக்கவில்லை. பள்ளியில் என் அறையில் வைத்திருந்தேன். முதல் நாள் 241. வடையையும் சர்பத்தையும் நிறுத்தி, கஞ்சியை அரைக் கோப்பையாக்கிய பின் பத்தாம் நாள் 172.