நீரிழிவை வருமுன் காப்போம்

(நம் அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரை)



நான் மருத்துவன் அல்லன், தமிழாசிரியனாக இருந்தவன். ஆகவே சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். 'நீரிழிவு' என்பதில் உள்ள 'இழிவு' தாழ்மையைக் குறிப்பதன்று. இழிதல் என்றால் கீழிறங்குதல். சிறுநீர் மிகுதியாக இறங்கும் நோய் என்பதே பொருள். ஆயினும், சம்பந்தம் பேச வருவோர் அறிவரோ என்று அஞ்சி இந்நோயை மறைப்போர் இன்றும் உளர். மறைத்த நோய் கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்புகளையும் ஓசையின்றிச் சிதைக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 1990இல் உலகில் 20 கோடிப் பேருக்கு நீரிழிவு இருந்தது. 2022இல் அத்தொகை 83 கோடியாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடைபெற்று 2023இல் வெளிவந்த ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. அந்த 13.6 கோடிப் பேரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அவர்களைக் காக்க இன்னும் காலம் இருக்கிறது.

இதற்குச் சான்று நம் சென்னையிலேயே உள்ளது. 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியவர் மருத்துவர் எம். விசுவநாதன். அம்மரபில் வந்த மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் தம் ஆய்வு ஒன்றை 2006இல் வெளியிட்டனர். முந்தைய நிலையில் இருந்த 531 பேரை நான்கு குழுக்களாக்கி மூன்றாண்டுக் காலம் கவனித்தனர். ஒரு குழுவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். ஒரு குழுவுக்கு உணவு நெறியும் நாள்தோறும் அரைமணி நேர விரைவு நடையும். ஒரு குழுவுக்கு மெட்பார்மின் மாத்திரை. இன்னொரு குழுவுக்கு இவை இரண்டும். அறிவுரை மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். ஏனைய மூன்று குழுக்களிலும் அவ்வாறு ஆனோர் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேரே. மாத்திரை தந்த பயனை உணவும் நடையும் தந்தன.

காரணம் எளிது. உண்ட சோறு சர்க்கரையாகிக் குருதியில் கலக்கிறது. இன்சுலின் அதைத் தசைக்குள் செலுத்துகிறது. உழைக்காத தசை அதை எளிதில் ஏற்பதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து தளர்கிறது. நடக்கும் தசையோ சர்க்கரையைத் தானே ஈர்த்துக்கொள்கிறது.

புலால் உண்ணாத நமக்கு இந்நோய் வாராது என்று சிலர் எண்ணுகின்றனர். காலையில் இட்டலி, பகலில் சோறு, மாலையில் தோசை என மூன்று வேளையும் அரிசியே உண்கிறோம். அதைக் குறைத்து, பயறும் கீரையும் காய்கறியும் கூட்ட வேண்டும். கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கும் நம் நெறி, உறங்கச் செல்லுமுன் செரிக்கவும் நடக்கவும் நேரம் தருகிறது. அதைக் கைவிடலாகாது.

நோன்பு பற்றியும் ஒரு சொல். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ கொள்வோர், மருத்துவரைக் கேளாமல் உண்ணா நோன்பு ஏற்க வேண்டா. தாமாக மருந்தை நிறுத்தவும் வேண்டா. நடுக்கமும் வியர்வையும் தலைச்சுற்றலும் தோன்றினால் உடனே சர்க்கரை நீர் பருகுக. எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாதே என்னும் அறத்தில் நம் உயிரும் அடங்கும்.

முந்தைய நிலைக்குப் பெரும்பாலும் அறிகுறி இராது. குருதிப் பரிசோதனைதான் காட்டும். குளுக்கோஸ் நீர் பருகி இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் அளவு 140 முதல் 199 வரை இருப்பின் விழித்துக்கொள்ள வேண்டும்.

அறக்கட்டளையாருக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த ஆண்டு விழாப் பந்தியில் மூன்று இனிப்புக்கு மாற்றாக ஒன்று போதும். மிச்சமாகும் பொருளைக் கொண்டு அன்று காலையிலேயே குருதிப் பரிசோதனை முகாம் நடத்தலாம். மயிலாப்பூர் அன்பர்கள் நாகேசுவரராவ் பூங்காவிலும், தியாகராய நகரார் நடேசன் பூங்காவிலும், அடையாற்றார் பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் கூடி நடக்கலாம். அடுப்படியில் நாளெல்லாம் நிற்பதே உடற்பயிற்சி என்றெண்ணும் நம் இல்லத்தரசியரை முதலில் அழைத்துச் செல்க.

திருக்குறளின் 95ஆம் அதிகாரத்திற்கு 'மருந்து' என்று பெயர். அதில் ஒரு மூலிகையின் பெயரும் இல்லை. அளவறிந்து உண்பதே பெரிதும் பேசப்படுகிறது. அம்மருந்து நம் ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. அனைவரும் நலமுற வாழ்க!