மாரி காலமும் வளவுக் கோழியும்

(பிள்ளை மடுவத்தில் தாய்மார் கூட்டத்தில் நாம் பேசியதன் எழுத்து வடிவம்)



கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். வீட்டில் அடுப்பு காத்துக் கிடக்கும் என்று நமக்கும் தெரியும். அதிக நேரம் எடுக்க மாட்டோம். கூதல் காலத்தில் கோழி ஏன் சாகிறது என்ற ஒரு விஷயத்தைத்தான் பேசப் போகிறோம். அதற்கு உங்களை வன்னிக்குக் கூட்டிப் போக வேண்டியிருக்கிறது.

வன்னி நமக்கு அந்நிய இடமல்ல. 1958இலும் 1977இலும் நடந்த கலவரங்களுக்குப் பிறகு நம்முடைய லயங்களிலிருந்து போன சனம் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியது. கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம், தருமபுரம் என்று போனால் நம்ம பேச்சு இன்றும் காதில் விழும். இங்கே இருக்கிற பாதிப் பேருக்கு அங்கே ஒரு சித்தியோ மாமாவோ இருப்பார்கள்.

2022 டிசம்பரில் ஒரு கலியாண வீட்டுக்காக நாம் கிளிநொச்சிக்குப் போயிருந்தோம். அந்த நேரத்தில்தான் மாண்டஸ் புயல் வங்கக் கடலில் வந்தது. புயல் கரை கடந்தது தமிழ்நாட்டில், மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், 9ஆம் திகதி இரவு. ஆனால் அதன் வாடைக்காற்றும் தூறலும் வன்னியை விட்டுவைக்கவில்லை. வெயிலுக்குப் பழகிய ஊர், சனம் சாக்கைப் போர்த்திக்கொண்டு திரிந்தது. திறந்த பட்டியில் நின்ற மாடுகளும் ஆடுகளும் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கில் செத்து விழுந்தன. ஏதோ தொற்று நோய் என்று சனம் பயந்தது. நோயல்ல, குளிரும் காற்றும் மழையும் ஒன்றாகச் சேர்ந்து தாக்கியதுதான் என்று கால்நடை அதிகாரிகள் பிறகு சொன்னார்கள்.

நாம் தங்கிய வீட்டு அக்கா இருபது கோழி வைத்திருந்தா. முட்டைக் காசில்தான் மகளின் டியூசன் ஓடியது. பக்கத்து வளவில் மாடு செத்ததைப் பார்த்ததும் அவவுக்குக் கை கால் ஓடவில்லை. "ஐயா, நீங்க படிச்சவங்க, என்ன செய்யலாம்?" என்று நம்மைக் கேட்டா. நாமும் பெரிய மனுஷன் போல, கூட்டை நாலு பக்கமும் பொலித்தீன் போட்டு இறுக்கி மூடுங்க, உள்ளே ஒரு தணல் சட்டி வையுங்க என்று சொன்னோம். அவ அப்படியே செய்தா.

விடியப் பார்த்தால் ஆறு கோழி செத்துக் கிடந்தது. மிச்சம் வாயைப் பிளந்து இழுத்துக்கொண்டு நின்றன. அவ நம்மை ஒரு வார்த்தை ஏசவில்லை. அதுதான் நமக்கு இன்னும் உறுத்துகிறது.

அடுத்த வளவில் புசல்லாவைப் பக்கமிருந்து போன பெரியவர் ஒருவர். அவரும் கோழி வைத்திருந்தார், ஒன்றும் சாகவில்லை. போய்ப் பார்த்தோம். கூடு இடுப்பளவு உயரத்தில் கம்பு நட்டுக் கட்டியது. வாடைக்காற்று அடிக்கிற பக்கம் மட்டும் கிடுகு சாத்தியிருந்தார். கூரைக்குக் கீழே சுற்றி ஒரு சாண் இடைவெளி. "மூச்சு விட வேணாமா தம்பி?" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் நாம் ஒழுங்காக விசாரித்துத் தெரிந்துகொண்டோம். கோழியின் உடம்புச் சூடு 41 பாகை அளவில் இருக்கும், நம்மைவிடக் கூட. இறகுக்குள்ளே காற்றைப் பிடித்து வைத்துத்தான் அது அந்தச் சூட்டைக் காப்பாற்றுகிறது. இறகு நனைந்தால் அந்தக் காற்றுப் போய்விடும். நனைந்த கோழி மேல் காற்றடித்தால் சூடு இறங்கி விறைத்துப் போகும். கனடாவில் நம்ம சனம் இருக்கிற இடங்களில் பனி முழங்கால் வரைக்கும் கொட்டுகிறது, அங்கேயும் கோழி வளர்க்கிறார்கள். காய்ந்த கூட்டில் இருக்கிற வளர்ந்த கோழி அந்தப் பனியையும் தாங்கும். நுவரெலியாவில் தை மாதம் புல்லில் வெள்ளையாக உறைபனி படிகிறதே, அதற்கும் இதே கதைதான்.

சரி, இறுக்கி மூடினால் என்ன? கோழி விடுகிற மூச்சிலும் எச்சத்திலும் ஈரம் இருக்கிறது. வெளியே போக வழியில்லாமல் அது உள்ளேயே தங்கும். எச்சத்திலிருந்து கண் எரிகிற நெடி கிளம்பும், அதனால் சளி பிடிக்கும். தணல் சட்டி அதைவிட மோசம். மூடிய இடத்தில் கரி எரிந்தால் வருகிற நச்சுக் காற்றுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கோழியை மட்டுமல்ல, ஆளையும் கொல்லும். லயத்துக் காம்பராவில் கதவைச் சாத்திவிட்டுத் தணல் வைத்துப் படுக்கிற பழக்கம் சில வீட்டில் உண்டு, அதையும் இன்றோடு விடுங்கள்.

கூட்டுக்குள் குனிந்து மூக்கை வைத்துப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் கோழிக்கும் எரிகிறது. கீழே மூன்று நாலு அங்குலத்துக்கு உமியோ மரத்தூளோ காய்ந்த சருகோ போடுங்கள். வன்னியில் ஆலையில் உமி அள்ளலாம், நமக்கு மரத்தூள்தான் சுகம். கையில் பிடித்தால் உதிர வேண்டும். கட்டியானால் அள்ளி மரக்கறிப் பாத்திக்குப் போட்டுவிட்டுப் புதிது போடுங்கள். ஈரக் கூளத்தில்தான் குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் வருகிறது. ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடியாவது வேண்டும். இரவில் ஏறி நிற்க இரண்டங்குல அகலத்தில் சட்டம் வையுங்கள். அகலம் இருந்தால் கோழி காலைத் தன் வயிற்று இறகால் மூடிக்கொண்டு உட்காரும்.

கூதலில் தீனி கூடக் கேட்கும். அடையப் போகும் முன் ஒரு பிடி சோளமோ நெல்லோ குருணலோ போட்டால் இரவெல்லாம் சூடு தாங்கும். பூஞ்சணம் பிடித்த தீனியைப் பாவம் பார்த்துப் போடாதீர்கள், அது நஞ்சு.

குஞ்சுதான் உண்மையில் கூதலுக்குச் சாவது, அதற்கு இறகில்லை. தாய் இல்லாத குஞ்சுக்கு முதல் வாரம் 32 முதல் 35 பாகை சூடு வேண்டும். சூடு காட்டியெல்லாம் தேவையில்லை. பல்புக்குக் கீழே ஒன்றன் மேல் ஒன்று ஏறி நின்றால் குளிர்கிறது. விலகி ஓடி வாயைத் திறந்தால் சூடு கூடிப்போச்சு. பரவி நின்று கொத்தினால் சரி.

அந்த அக்கா மிச்சப் பதினாலையும் காப்பாற்றிவிட்டா. பெரியவர்தான் கூட்டை மாற்றிக் கட்டிக் கொடுத்தார், நாம் கம்பு பிடித்தோம்.

கடைசியாக ராணிக்கெட் தடுப்பு மருந்து. ஒரு குப்பியைத் திறந்தால் பல கோழிகளுக்குப் போதும், ஆனால் மிச்சத்தை நாளைக்கு வைக்க முடியாது. ஆகவே லயத்துக்கு லயம் எத்தனை கோழி என்று எண்ணி, இந்தக் கிழமைக்குள் நம்மிடம் சொல்லுங்கள். மிருக வைத்திய அலுவலகத்தில் பேசி ஒரே நாளில் எல்லாருக்கும் போட ஏற்பாடு செய்வோம். அன்றைக்குக் காலையில் கோழியைத் திறந்து விட்டுவிடாதீர்கள், பிறகு தேயிலைக்குள் ஓடித் திரிய நமக்கு வயது போதாது.