சிறுமலையில ஒரு ஏக்கர் வாங்கலாமா?

திண்டுக்கல்லுல இருந்து சிறுமலை சுமார் 25 கிலோமீட்டர், 18 கொண்டை ஊசி வளைவு. கீழே வெயில் கொளுத்தும், மேலே ஏற ஏற காத்து மாறிடும். கொடைக்கானல் கூட்டமும் இருக்காது.

போன மாசம் நானும் நண்பனும் பைக்ல போனோம். குதிரை முதுகுல வாழைத்தார் இறங்கிட்டு இருந்துச்சு. டீ குடிக்கிறப்பவே அவன், "மச்சான், ஒரு ஏக்கர் வாங்கிப் போடுவோம்டா"ன்னான். எனக்கும் ஆசைதான். இடம் காட்டின புரோக்கர் அன்னைக்கே அட்வான்ஸ் கேட்டார்.

அப்போ பக்கத்துல இருந்த பெரியவர் கேட்டார்: "தம்பி, அந்த இடத்துக்குப் போற பாதை யார் பேர்ல இருக்கு?" விசாரிச்சா, அது பக்கத்துத் தோட்டக்காரரோட பட்டா நிலம். நாளைக்கு அவர் வேலி போட்டா, நம்ம நிலத்துக்கு நாமளே போக முடியாது.

அதனால, மலையில நிலம் வாங்குறதுக்கு முன்னாடி பட்டா, 30 வருஷ வில்லங்கம், புலப்படத்துல பாதை, வனத்துறை எல்லை எல்லாம் பாருங்க. நிபந்தனைப் பட்டாவான்னு தாலுகா ஆபீஸ்ல கேளுங்க. மலையிடப் பாதுகாப்புக் குழுமப் பட்டியல்ல அந்தக் கிராமம் இருந்தா, வீடு கட்டத் தனி அனுமதி வேணும்.

வருமானமும் நிச்சயமில்ல. புவிசார் குறியீடு வாங்கின சிறுமலை வாழையையே முடிக்கொத்து நோய் ஒரு காலத்துல அழிக்கப் பார்த்துச்சு.

நாங்க அட்வான்ஸ் கொடுக்கல. ஒரு சீப்பு மலைவாழை மட்டும் வாங்கிட்டு இறங்கிட்டோம். நீங்களும் முதல்ல போய் சும்மா சுத்திப் பாருங்க. நிலம் எங்கேயும் ஓடிடாது.