புலமைச் சொத்தும் வர்த்தக உடன்படிக்கையும்



இரு நாடுகள் தமக்குள் சுங்கத் தீர்வையைக் குறைத்துக்கொண்டால், அச்சலுகை அவ்விரு நாடுகளோடு நின்றுவிடலாம். புலமைச் சொத்துரிமையோ அவ்வாறன்று. 1995ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக நிறுவனத்தின் புலமைச் சொத்து உடன்படிக்கை, சில விலக்குகள் நீங்கலாக, ஒரு நாட்டவர்க்கு அளிக்கும் பாதுகாப்பை ஏனைய உறுப்பு நாட்டவர்க்கும் அளித்தல் வேண்டும் என விதிக்கின்றது. ஆதலின், ஒருவர்க்கு இணங்கியது எல்லோர்க்கும் இணங்கியதாகிவிடும்.

இதன் பாரத்தை உணர, 2016ஆம் ஆண்டு 12 நாடுகள் கைச்சாத்திட்ட பசிபிக் கடந்த பங்காண்மை உடன்படிக்கையை நோக்குவோம். நூலாசிரியர் மறைந்தபின் 70 ஆண்டுப் பதிப்புரிமையும், உயிரியல் மருந்துகளின் பரிசோதனைத் தரவுகளுக்குத் தனிப் பாதுகாப்பும் அதில் இடம்பெற்றன. அப்பாதுகாப்பு நிலவுங் காலத்தில், பிறர் அத்தரவுகளை ஆதாரமாகக் காட்டி மலிவான மருந்துக்கு அனுமதி பெறவியலாது. அதன் சுமை நோயாளியின் தலையிலேயே விழும்.

2017இல் ஐக்கிய அமெரிக்கா விலகியது. 2018இல் எஞ்சிய 11 நாடுகளும் புதிய உடன்படிக்கை செய்தபோது, அவ்விதிகளை இடைநிறுத்தி வைத்தன. பெருஞ் சந்தை அகன்றதும், அதன் பொருட்டு ஏற்ற நிபந்தனைகளும் அகன்றன. அவை எதற்கு விலையாகக் கொடுக்கப்பட்டவை என்பது இதனாற் புலனாகும். கொடுப்பது எது, பெறுவது எது எனக் கைச்சாத்திடுமுன் சீர்தூக்குதல் அரசுகளின் கடனாகும்.