பரீட்சையும் விடிய விடியப் படிப்பும்

(மாணவர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



பரீட்சைக் காலம் நெருங்குவதால் படிப்பைப்பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். நாம் பெரிய கல்விமான்கள் அல்ல. நமது புத்திக்குச் சரியென்று பட்டதைச் சொல்லுகிறோம். யோசித்துப் பாருங்கள், சரியென்றால் கொள்ளுங்கள், இல்லையென்றால் தள்ளிவிடுங்கள்.

இன்று நம் வீடுகளில் பரீட்சைக்குப் படிப்பதென்பது ஒரு விரதம்போல் ஆகிவிட்டது. "என் மகன் தினம் 14 மணி நேரம் படிக்கிறான்" என்று தகப்பனார் பெருமையாய்ச் சொல்லுகிறார். "இராத்திரி 2 மணி வரையில் விளக்கு அணையவில்லை" என்கிறார் தாயார். பையன் எதைப் படித்தான், படித்ததில் எது மனதில் நின்றது என்று கேட்பாரைக் காணோம். எல்லோரும் கேட்பது மணிக்கணக்குத்தான். தோழர்களே! குடியானவன் எத்தனை மணி நேரம் தண்ணீர் இறைத்தோம் என்பதோடு நின்றுவிடுகிறானா? வாய்க்கால் உடைப்பில் எவ்வளவு போயிற்று, பயிருக்கு எவ்வளவு பாய்ந்தது என்றல்லவா பார்க்கிறான்? அந்த யோசனை பிள்ளையின் படிப்பில் மட்டும் நமக்கு வருவதில்லை.

இதற்குக் காரணம் என்ன? உடம்பை வருத்தினால் பலன் கிடைக்குமென்று வெகுகாலமாய் நம் தலையில் ஏற்றப்பட்ட எண்ணமேயாகும். பட்டினி கிடந்தால் வரம், ஆயிரத்தெட்டுத் தரம் நாமத்தைச் சொன்னால் புண்ணியம் என்ற அதே கணக்கைப் புத்தகத்துக்கும் போட்டுவிட்டோம். பேனாவையும் நுழைவுச் சீட்டையும் சாமி காலடியில் வைத்து எடுக்கும் வழக்கமும் இதன் தங்கைதான். பட்ட பாடு வேறு, கண்ட பலன் வேறு என்பதை நாம் பிரித்துப் பார்ப்பதில்லை.

நிற்க, இது வெறும் வாய்ப்பேச்சல்ல. சோதித்து அறிந்த விஷயம். ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற அறிஞர் தம்மையே சோதனைப் பொருளாக்கிக் கொண்டு, பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-ல் புத்தகமாய் வெளியிட்டார். 12 அசைகள் கொண்ட வரிசையை ஒரே நாளில் 68 தரம் தொடர்ந்து படித்ததற்கு மறுநாள் என்ன பலன் கண்டாரோ, ஏறக்குறைய அதே பலனை 3 நாட்களுக்குப் பிரித்து 38 தரம் படித்ததிலேயே கண்டார். ஒரே மூச்சில் உட்கார்ந்ததற்காக அவர் கொடுத்த அபராதம் 30 தரம்!

மற்றொன்று கேளுங்கள். 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் ஒரு பாடத்தைக் கொடுத்துச் சோதித்தார்கள். ஒரு பிரிவார் நான்கு வேளையும் அதையே படித்தார்கள். மற்றொரு பிரிவார் ஒரு வேளை மட்டும் படித்து, மற்ற மூன்று வேளையும் பாடத்தைப் பாராமல் நினைவிலிருந்ததை எழுதினார்கள். 5 நிமிஷம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களே ஜெயித்தார்கள்: அவர்களுக்கு நூற்றுக்கு 83, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, படித்தவர்களுக்கு 40; எழுதிப் பார்த்தவர்களுக்கு 61! இதில் வேடிக்கை என்னவென்றால், பாடம் தங்களுக்கு நன்றாய் நினைவிருக்கும் என்று அதிகமாய் நம்பியிருந்தவர்கள் நான்கு வேளை படித்தவர்கள்தான்.

ஏன் இப்படி? பத்துத் தரம் பார்த்த பக்கம் கண்ணுக்குப் பழகிப்போகிறது. பழகியதைத் தெரிந்ததென்று மனம் எண்ணிக்கொள்ளுகிறது. சந்தையில் ஒருவர் முகத்தைத் தினம் பார்க்கிறோம். பேர் என்னவென்று கேட்டால் விழிக்கிறோம். பரீட்சையில் கேட்பது முகத்தையல்ல, பேரை. ஆகையால், பேரைச் சொல்லிப் பழகியவனே அங்கு சொல்லுவான்.

தூக்கத்தைக் கெடுப்பதும் இப்படிப்பட்ட மூடத்தனமேயாகும். ஜென்கின்ஸ், டாலன்பாக் என்பவர்கள் இரண்டு மாணவர்களைக் கொண்டு சோதித்து 1924-ல் எழுதியதில், படித்துவிட்டுத் தூங்கியபோது நின்ற அளவு, அதே நேரம் விழித்திருந்தபோது நிற்கவில்லை என்று கண்டார்கள். அதற்குப் பின் நடந்த எத்தனையோ சோதனைகளும் தூக்கம் நினைவுக்குத் துணை என்றே காட்டுகின்றன.

அப்படியானால் படிக்காமலே தேறிவிடலாமா என்று சிலர் கேட்கலாம். அப்படி நாம் சொல்லவில்லை. உழைப்பு வேண்டும், அது பாடத்தில் சேர வேண்டும். ஒரு பாடத்தை ஒரு முறை கவனமாய்ப் படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். தெரிந்ததை எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டதை மட்டும் படியுங்கள். மறுநாள் ஒரு தரம், சில நாள் கழித்து ஒரு தரம் இப்படியே செய்யுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். சொல்ல முடியாத இடமே உங்களுக்குத் தெரியாத இடம். இது வெளிநாட்டுச் சரக்குமல்ல. 1789-ல் சென்னை எழும்பூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கு மேற்பார்வையாளரான ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு தம் பள்ளியிலும் கைக்கொண்டார். பிள்ளைக்குப் பிள்ளையே சொல்லிக் கொடுக்கும் முறையை அங்கு நடத்தி, 1797-ல் லண்டனில் புத்தகமாய் வெளியிட்டார். சீமையில் அதற்குச் 'சென்னை முறை' என்றே பேர். அந்தத் திண்ணையில் எல்லோரும் உட்கார முடியவில்லை என்பது நமது வெட்கம்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? மணிக்கணக்கே படிப்பானால், தனி அறையும் வேளைக்குச் சாப்பாடும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கே வெற்றி. மாடு மேய்த்துவிட்டு வருபவனுக்கும், தண்ணீர் எடுத்து, தம்பியைத் தூக்கி, பாத்திரம் துலக்கிவிட்டு உட்காரும் பெண்ணுக்கும் இராத்திரி 2 மணி நேரந்தானே கிடைக்கிறது? அவர்களைப் பார்த்து, "14 மணி நேரம் படிக்காதவனுக்குப் படிப்பு வராது" என்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? "நமக்குப் படிப்பு ஏறாது, அது தலையெழுத்து" என்று புத்தகத்தைத் தூக்கிப் பரணில் போடுவார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையை நிறுத்துவதற்கு இதைவிடச் சுலபமான வழி உண்டா? முன்பு ஜாதியின் பேரால் சொன்னதை இப்போது மணியின் பேரால் சொல்லுகிறோம். அந்த 2 மணி நேரத்தைச் சரியாய்ச் செலவிட்டால் அவர்களாலும் முடியும். மூடின புத்தகத்துக்கும் ஒரு துண்டுக் காகிதத்துக்கும் காசு கிடையாது. யார் தயவும் தேவையில்லை.

பெற்றோர்களே! இன்று முதல் "எத்தனை மணி நேரம் படித்தாய்?" என்று கேட்காதீர்கள். "இன்று படித்ததை எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் கேட்கக் காது இருக்கிறது. அவன் தடுமாறும் இடம் உங்களுக்கே தெரியும். 10 மணி ஆனதும் விளக்கை அணைத்துத் தூங்கச் சொல்லுங்கள். மாணவர்களே! நாம் சொன்னதற்காக இதை நம்ப வேண்டாம். ஒரு பாடத்தை உங்கள் பழைய முறையிலும், மற்றொன்றை இம்முறையிலும் படித்து, ஒரு வாரம் கழித்து இரண்டையும் பாராமல் எழுதுங்கள். எது நின்றது என்று பார்த்து, அந்த வழியிலே நடவுங்கள்.