வலிப்பு நோய்: மரபும், பெண்மையும், மனமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "அண்ணாச்சி, டாக்டர்மார் வந்தா சுகரு, பிரஷர்னுதான் பேசுறாங்க. நீங்க வேற ஏதாவது சொல்லுங்க" என்றார். நான் நரம்பியல் மருத்துவன். எனக்குத் தெரிந்தது வலிப்புதான். விருந்துக்கு முன்னால் இந்தப் பேச்சா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.

வலிப்பு என்றால் கீழே விழுவது, நுரை தள்ளுவது, கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, இதோடு நம்ம ஆட்களுக்கு விஷயம் முடிந்துவிடுகிறது. (சாவி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பெரும்பாலும் இரண்டு மூணு நிமிஷத்தில் அதுவே நின்றுவிடும். பெயர் மட்டும் சாவிக்கு! ஐந்து நிமிஷம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.) வலிப்பு வராத மற்ற நேரமெல்லாம் அந்தப் பிள்ளையின் ஞாபகசக்தி எப்படி, கவனம் எப்படி, ஏன் எரிந்து விழுகிறாள், ஏன் மூலையில் உட்கார்ந்து அழுகிறாள் என்று யாரும் கேட்பதில்லை. டாக்டர்களாகிய நாங்களும் பல சமயம் கேட்பதில்லை. "பிட்ஸ் வந்துச்சா? வரலை. சரி, அதே மாத்திரை" என்று அனுப்பிவிடுகிறோம். நான் பேச வந்தது இந்த மற்ற நேரத்தைப் பற்றித்தான்.

முதலில் ஒரு கணக்கு. கேரளத்தில் நடந்து 2000-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் ஆயிரம் பேருக்கு 4.7 பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. நம்ம விருதுநகர் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 19 லட்சத்து 42 ஆயிரம். அதே விகிதத்தைப் போட்டால் இங்கே ஒன்பதாயிரம் பேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எங்கே அவர்கள்? பாதிப்பேர் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறார்கள். அதிலும் கல்யாண வயதுப் பெண் என்றால் அடுத்த வீட்டுக்குக்கூடத் தெரியாது.

பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்குள் ஆரம்பிக்கிற ஒரு வகை வலிப்பு இருக்கிறது. ஜுவனைல் மயோகுளோனிக் எபிலெப்ஸி என்று பெயர். வளரிளம் பருவத்து வெட்டு வலிப்பு என்று நான் சொல்வேன். ஆண்களைவிடப் பெண்களிடம் சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது. காலையில் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் கை தோள் எல்லாம் திடீரென்று ஒரு வெட்டு வெட்டும். கையிலிருக்கிற டம்ளர் பறக்கும், பல் துலக்கும் பிரஷ் விழும். நினைவு தப்பாது. வீட்டில் என்ன சொல்வார்கள்? "இவளுக்கு எதிலயும் கவனமில்லை, காலங்காத்தால பாத்திரத்தை உருட்டுறா." இப்படியே ஒரு வருஷம் இரண்டு வருஷம் ஓடும். பரீட்சைக்கு ராத்திரி முழுக்க கண் விழித்துப் படித்த மறுநாள் காலையில் பெரிய வலிப்பாக வந்து விழுந்த பிறகுதான் எங்களிடம் வருவார்கள். தூக்கம் கெடுவதுதான் இதற்கு முதல் எதிரி.

இதில் இன்னொரு கூத்து. சில வகை வலிப்புக்கு நல்ல மருந்தாகிய கார்பமசெபின், இந்த வெட்டுகளை அதிகமாக்கிவிடக்கூடும். அதனால்தான் "காலையில கை வெட்டுதா?" என்ற ஒரு கேள்வியைக் கேட்காமல் மருந்து எழுதக் கூடாது என்று என் மாணவர்களிடம் சொல்வேன்.

இந்தப் பிள்ளைகளில் சிலருக்குத் திட்டமிட்டு ஒரு காரியத்தைச் செய்வது, ஒன்றை மனதில் வைத்துக்கொண்டே மற்றொன்றைக் கவனிப்பது, இவற்றில் சிறு தடுமாற்றம் இருக்கும். இது வலிப்பு வந்து வந்து மூளை களைத்ததாலா, மாத்திரையாலா என்று நீண்ட நாள் கேள்வி. லண்டனில் ஓர் ஆய்வுக்குழு இந்த நோயாளிகளின் கூடப்பிறந்தவர்களைப் பரிசோதித்தது. அவர்களுக்கு வலிப்பே கிடையாது, ஒரு மாத்திரையும் சாப்பிடுவதில்லை. ஆனாலும் யோசிக்கும் வேலையைக் கொடுத்தபோது, கை கால்களை இயக்கும் மூளைப் பகுதி அவர்களுக்கும் தேவையில்லாமல் சேர்ந்து வேலை செய்தது. 2014-ல் வெளியான முடிவு இது. அப்படியானால் குறைந்தபட்சம் ஒரு பங்கு பிறவியிலேயே, மரபணு வழியாக வந்திருக்கிறது. "சோம்பேறி", "மண்டையில ஏறாது" என்று நாம் வைத்த பெயர்களை இதற்குப் பிறகும் வைத்துக்கொண்டிருக்க முடியுமா?

மரபணு என்றதும் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்! விலங்கியல் மாணவர்களுக்கு ஒரு புதிர். எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் குறை பொதுவாக யாரைத் தாக்கும்? ஆணை. நிறக்குருடு உதாரணம் பாடத்திலேயே வரும். ஆனால் பி.சி.டி.ஹெச்.19 என்ற மரபணுவில் கதை தலைகீழ். பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்குத்தான் வலிப்பு வருகிறது, பலருக்கு அறிவு வளர்ச்சியும் பின்தங்குகிறது. அதே குறையைச் சுமக்கும் தகப்பன் நன்றாக நடமாடுவார். 2008-ல்தான் இது எந்த மரபணு என்று கண்டுபிடித்தார்கள். ஆணுக்கு ஒரே எக்ஸ் என்பதால் எல்லாச் செல்லும் ஒரே மாதிரி. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஒவ்வொரு செல்லிலும் ஒன்றுதான் வேலை செய்யும். ஆகவே இரண்டு விதமான செல்கள் கலந்து, ஒன்றோடு ஒன்று சரியாக ஒட்டாமல் பேசாமல் போகின்றன என்பது இன்றைய விளக்கம். அபூர்வமான நோய்தான். ஆனால் ஆண், பெண் என்ற வேறுபாடு மூளைக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

நம்ம பக்கத்துக்கே உரிய ஒன்றும் உண்டு. தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீரைத் தலையில் ஊற்றுகிறோமே, அப்படி ஊற்றும்போதே சிலருக்கு வலிப்பு வரும். வெந்நீர் வலிப்பு. 1945-ல் நியூசிலாந்தில் முதலில் எழுதினார்கள். ஆனால் அதிகமாகப் பார்த்தது தென்னிந்தியாவில், முக்கியமாகக் கர்நாடகத்தில். பெங்களூர் நிம்ஹான்ஸ் டாக்டர் சதீஷ்சந்திராவும், ஜவாஹர்லால் நேரு மையத்து அனுரஞ்சன் ஆனந்தும் சேர்ந்து, குடும்பங்களில் இது வருவதற்கு 4-ஆம், 10-ஆம் குரோமோசோம்களில் இடம் இருப்பதாக 2009-ல் காட்டினார்கள். இதில் ஆண்கள் அதிகம். சிலருக்கு அந்த நேரத்தில் ஒரு சுகம் தெரிவதால் நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருப்பார்களாம்! வெதுவெதுப்பான நீரில் குளித்தால் பலருக்கு இது கட்டுப்படும்.

இனி சொந்தத்தில் கல்யாணம். தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் கொடுப்பது நமக்குச் சாதாரணம். லாஃபோரா என்ற கொடிய நோய் இருக்கிறது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்குப் பதின்வயதில் வலிப்பு ஆரம்பித்து, சில வருஷங்களில் புத்தியும் படிப்படியாக மங்கிவிடும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் சுப்பிரமணியம் கணேஷ் குழுவினர் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். தாய், தகப்பன் இருவரிடமும் அந்தக் குறை ஒளிந்திருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. சொந்தத்தில் கட்டும்போது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு "வலிப்பு என்றாலே பரம்பரை" என்று முடிவு கட்டக் கூடாது. எல்லா வகையையும் சேர்த்துப் பார்த்தால், வலிப்பு உள்ளவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் ஐந்து பேருக்குத்தான் நாற்பது வயதுக்குள் வருகிறது. மற்றவர்களில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு. தொண்ணூற்றைந்து பேருக்கு வருவதில்லை! இந்த ஐந்துக்காகத்தான் எத்தனை பெண்களின் ஜாதகத்தை மூடி வைத்திருக்கிறோம். இந்து திருமணச் சட்டத்தில் 1976-ல் வலிப்பையும் ஒரு தடையாகச் சேர்த்தார்கள். இந்திய வலிப்புநோய்ச் சங்கத்தார் போராடி, 1999-ல் பாராளுமன்றம் அதை நீக்கியது. சட்டத்தில் நீங்கியது மாப்பிள்ளை வீட்டுத் திண்ணையில் நீங்கவில்லை.

ஹார்மோனுக்கு வருவோம். ஈஸ்ட்ரோஜன் மூளைச் செல்களைத் தூண்டும், புரோஜெஸ்டரோன் அமர்த்தும். மாதவிலக்கையொட்டி இரண்டாவது சட்டென்று இறங்கும்போது சில பெண்களுக்கு வலிப்பும் கூடும், மனச்சோர்வும் கூடும். விக்டோரியா மகாராணிக்குப் பிரசவம் பார்த்த சர் சார்லஸ் லோகாக், 1857-ல் மாதவிலக்கோடு வரும் வலிப்புக்கு புரோமைடு கொடுத்துப் பலன் கண்டதாகச் சொன்னார். வலிப்புக்கு உருப்படியான முதல் மருந்து அப்படித்தான் வந்தது. இன்று எங்கள் வீட்டுப் பெண்கள் இதை டாக்டரிடம் சொல்லவே கூச்சப்படுகிறார்கள். காலண்டரில் இரண்டையும் குறித்துக்கொண்டு வந்து காட்டினால் போதும், வாய் திறந்து சொல்லக்கூட வேண்டாம்.

மனச்சோர்வு வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இருக்கிறது. பெண்களிடம் கூடுதல். குடும்பத்தில் மனச்சோர்வு உள்ளவர்கள் இருந்தால் இன்னும் கூடுதல். "வலிப்பு வந்தா கவலை வராதா?" என்பீர்கள். விஷயம் அவ்வளவு எளிதல்ல. முதல் வலிப்பு வருவதற்கு முன்பே மனச்சோர்வு இருந்தவர்கள் உண்டு. இரண்டுக்கும் மூளையில் பொதுவான வேர் இருக்கலாம் என்பதால்தான் ஆராய்ச்சியாளர்கள் மரபணுவைத் துருவுகிறார்கள். அதோடு மாத்திரையின் பங்கும் உண்டு. பீனோபார்பிட்டோன் மலிவு, ஆனால் சிலரை மந்தமாக்கும். லெவெடிராசிட்டம் சிலருக்குச் சிடுசிடுப்பையும் கோபத்தையும் கொண்டுவரும். "மருமக வாய் நீண்டுபோச்சு" என்று ஒரு மாமியார் சொன்னால் நான் முதலில் மருந்துச் சீட்டைத்தான் பார்ப்பேன்!

பெண்ணுக்கென்று தனியாக யோசிக்க வேண்டிய மருந்து சோடியம் வால்ப்ரோயேட். நான் சொன்ன வெட்டு வலிப்புக்கு மிக நன்றாகக் கேட்கும். ஆனால் கர்ப்ப காலத்தில் சாப்பிட்டால் நூறில் சுமார் பத்துக் குழந்தைகளுக்குப் பிறவிக் குறை. குழந்தையின் அறிவையும் அது தொடுகிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் குழந்தைகளை ஆறு வயதுவரை பின்தொடர்ந்து 2013-ல் வெளியிட்டார்கள்: தாய் லாமோட்ரிஜின் சாப்பிட்டிருந்தால் பிள்ளையின் சராசரி ஐ.க்யூ. 108, வால்ப்ரோயேட் என்றால் 97. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிலையத்தில் 1998 முதல் வலிப்புள்ள கர்ப்பிணிகளுக்கென்றே பதிவேடு நடத்தி, நம் நாட்டுப் பெண்களிடமும் இந்த மருந்தின் கெடுதலைக் காட்டினார்கள். ஆகவே பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே டாக்டரிடம் போய் மருந்தை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ஒன்றே ஒன்று: நாளைக்கே நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகும். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மாத்திரையையும் மடியில் கட்டிக்கொண்டு போகட்டும்.

இங்கே சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் ஆலை நடத்துகிற அண்ணாச்சிமார் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். மருந்துக் கலவை வேலையை வெயில் ஏறுமுன் காலையிலேயே முடிப்பது நம்ம ஊர் வழக்கம். வெட்டு வலிப்பு வருவதும் அதே காலையில்! உராய்ந்தாலே பற்றிக்கொள்ளும் கலவையைக் கையில் வைத்திருப்பவரின் கை வெட்டினால் என்ன ஆகும்? வலிப்பு உள்ளவர் மருந்து அறைக்குள் போகவே கூடாது, இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். ஆனால் "உனக்கு வலிப்பா, நாளையிலிருந்து வராதே" என்று ஒருத்தியை அனுப்பினீர்கள் என்றால் அடுத்தவள் மறைத்துக்கொண்டு உள்ளே போவாள். அது ஆலைக்கே ஆபத்து. வெடிமருந்து இல்லாத கட்டடத்தில் பெட்டி ஒட்டுவது, கணக்கு எழுதுவது, அச்சகத்தில் தாள் எண்ணி அடுக்குவது என்று எத்தனையோ வேலை இருக்கிறது. கட்டிங் மெஷின் பக்கம் மட்டும் வேண்டாம். சம்பளம் குறையாமல் வேலையை மாற்றிக் கொடுத்தால் அவர்களே வந்து சொல்லிவிடுவார்கள். ராத்திரி தூக்கம் கெடுகிற மாதிரி விடிகாலை வேன் வைக்கிறீர்களே, அதையும் கொஞ்சம் பாருங்கள். தீபாவளி நெருங்கும் மாதங்களில்தான் இவர்கள் அதிகமாக விழுகிறார்கள்.

விடுதியில் இருக்கும் மாணவியருக்கு: காலையில் கை வெட்டுகிற தோழி இருந்தால் அவளைக் கேலி செய்யாமல் வார்டனிடம் கூட்டிப் போங்கள். விருதுநகரிலேயே 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியும் தூரமில்லை. பரீட்சைக்கு முந்தின ராத்திரி அவளைத் தூங்கவிடுங்கள். அவளுக்கு மறதி இருந்தால் நோட்டில் எழுதி வைத்துப் படிக்கச் சொல்லுங்கள், குறிப்பைக் கடன் கொடுங்கள்.

பந்தி போட்டுவிட்டதாகத் தலைவர் கையைக் காட்டுகிறார். கேள்வி இருப்பவர்கள், எல்லார் முன்னாலும் கேட்கக் கூச்சமாக இருந்தால், சாயங்காலம் வரை இங்கேதான் இருப்பேன், தனியாக வந்து கேளுங்கள்.